ஒன்பதாவது வியாழன்

பாகாயத்தில் என் அறைச் சன்னலுக்கு
ஒரு மொட்டை மலைதான் திரை.
அக்னி நட்சத்திரத்தில் அது
மாலை ஆறுக்கும் ஆறாது.

பூங்காவனம் எதிரே உட்கார்கிறார்,
கைப்பையை மடியைவிட்டு இறக்காமல்.
உள்ளே, தம்பி தசரதன் கையெழுத்துக்குக் கொடுத்த தாள்கள்.
ஒடுகத்தூர் வீட்டில் என் பங்கு வேண்டாம் என்பதற்கு
ரிஜிஸ்தர் ஆபீசில் வைத்திருக்கும் பெயர்
விடுதலைப் பத்திரம்.
யாருக்கு விடுதலை என்று நான் கேட்டதில்லை.
நாக்கு அரிக்கும், வாரம் ஒரு முறை.

சத்துணவுக் கூடத்தில் நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு
கையளவிலேயே அரிசி போடுகிறவர்.
தனக்கென்றால் மட்டும்
"பாக்கலாம் சார்."
முதல் வாரம் பார்க்கலாம். நான்காம் வாரம் பார்க்கலாம்.
ஏழாம் வாரம் அழுதார், மூக்கைச் சிந்தினார்,
பார்க்கலாம் என்றார்.
நானோ மனதுக்குள் எப்போதோ
அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.
என் தப்பு.
அவர் பங்கில் எனக்கென்ன பாத்தியதை?

இன்று கரண்ட் போனது.
ஃபேன் மூன்று சுற்று தயங்கி நின்றது.
நாலு மணிப் பையன் கதவை இடித்துக்கொண்டு வந்து
வழக்கம்போல் இரண்டு கிளாஸ் வைத்தான்.
எடுத்தார். உதடுவரை போனது.
கீழே வைத்தார்.

"தம்பி, எனக்கு இது வேணாம்.
சக்கர போடாம ஒண்ணு எடுத்தா."

பையன் விழித்தான்.
அவரும் விழித்தார், வேறு யாரோ பேசிவிட்டதுபோல்.
"எனக்குச் சக்கர ஆவாது சார்.
மொத வாரத்துலேந்தே."

சொல்லலாமா?
வேண்டாம் என்றீர்களே, அதுவும் தம்பி என்று கூப்பிட்டு,
கேட்டதா உங்களுக்கு என்று
சுட்டிக்காட்டிவிடலாமா?
படித்த புத்தகங்களில் ஒன்று சொல் என்றது,
ஒன்று பொறு என்றது.
வேர்வை புருவம் தாண்டிக் கண்ணில் இறங்கியது.
சொன்னால் அது என் கண்டுபிடிப்பாகிவிடும்.
சொல்லாவிட்டால் பஸ் ஏறுவதற்குள் ஆவியாகிவிடலாம்.
பேசாமல் இருந்தேன்.
முடிவா, கோழைத்தனமா,
இதை எழுதும்போதும் தெரியவில்லை.

மறு டீ வந்தது.
முகம் சுளித்துக்கொண்டே முழுக்கக் குடித்தார்.
கைப்பை எப்போது நாற்காலிக் காலடிக்குப் போனது,
நான் கவனிக்கவில்லை.

அவர் போனதும் நோட்டை எடுத்தேன்.
'முன்னேற்றம்' என்ற கட்டத்தில்
எட்டு வாரமாக வெறும் கோடு.
டீ என்று எழுதினேன். அடித்தேன்.
திரும்ப எழுதினேன்.

ஒடுகத்தூர் பஸ்ஸுக்கு நின்றவர்
மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.
பையை மறந்துவிட்டிருந்தார்.
"அடுத்த வாரம் வருவேன் சார்" என்றார், கேட்காமலே.

பார்க்கலாம் என்றேன் நான்.