இருபத்து மூன்றாவது பார்

எங்கள் தெருவில் பார் என்றால் வேறு.
"இருபத்து மூன்றாவது பாரில் மாட்டிக்கொண்டேன்" என்று
அம்மாபேட்டையில் யாரிடமாவது
சொல்லிப் பாருங்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று விசைத்தறி.
இந்தப் பக்கம் நான், ஒரு மடிக்கணினி,
கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து.
கோடு வரைவதில்லை, புள்ளி வைப்பதில்லை.
எழுத்தில் சொன்னால் போதும்,
ஐந்து கோட்டையும் அதுவே போட்டுக்கொள்ளும்.
பி டி நாலு: பெரிய டிரம், கால் பங்கு.
எஸ் என் எட்டு: ஸ்னேர், அதில் பாதி.
சிம்பலுக்குத் தலை உருண்டை இல்லை,
பெருக்கல் குறி.

ஏற்காட்டுப் பள்ளியின் மியூசிக் மாஸ்டர் ஃபேபியன்
ஆண்டு விழாவுக்குக் கேட்டது பன்னிரண்டு பக்கம்.
மூன்று ஸ்னேர், ஒரு பெரிய டிரம், இரண்டு சிம்பல்,
நடுவில் ஓர் உறுமி.
வாட்ஸ்அப்பில் வந்தது செம்மலையின் உறுமி,
நாலு நிமிடம் பதினோரு நொடி,
பின்னால் ஓர் ஆட்டோவும் ஒரு சேவலும்.

பட்டியலில் தேடினேன்.
காங்கோ இருக்கிறது, பாங்கோ இருக்கிறது,
மாட்டு மணிகூட இருக்கிறது.
உறுமி இல்லை.
இல்லாவிட்டால் என்ன, யு ஆர் என்று பெயர் வைத்து
மேல் கோட்டுக்கும் மேலே குடிவைத்தேன்.
வலக்குச்சி அடி, சரி, சாதாரணத் தலை.
இடக்குச்சி தேய்ப்பதை என்ன செய்ய?
ம்ம்ம்ஊம் என்று இழுக்கிறதே,
அது எத்தனையில் எத்தனை?
இரண்டு சுரத்துக்கு நடுவே இழுக்கும் கோடு உண்டு.
இங்கே இரண்டாவது சுரமே கிடையாது.
பொய்யாக ஒன்றை வைத்து
தலையை மறை, காம்பை மறை என்று
இரண்டு கட்டளை.
கோடு மட்டும் நின்றது,
எங்கோ போகிற மாதிரி.

வளைந்த அடைப்புக்குறிகள் ஏற்காட்டு ரோடு.
திருப்பத்துக்குத் திருப்பம் எண் எழுதி
இருபது கொண்டை ஊசி;
ஏறினதையெல்லாம் இறங்கியாக வேண்டும்.
ஒன்றை மூட மறந்தேன்.
பதினேழில் பஸ் படுத்த மாதிரி
மொத்தமும் நின்றது.
பிழை நாற்பத்தொன்றாம் வரியில் என்றது திரை.
நாற்பத்தொன்றில் ஒன்றுமே இல்லை,
தப்பு பன்னிரண்டில்.

அப்புறம்தான் இந்த இருபத்து மூன்று.
பார் நிறையவில்லை, முக்காலில் நிற்கிறது என்று
திரும்பத் திரும்ப அதே எச்சரிக்கை.
பதிவைப் பதினைந்து தடவை ஓட்டியும்
தறிச் சத்தத்தில் பிடிபடவில்லை.
ஒன்பதேகாலுக்குக் கரண்ட் போனது.
சுவர் வாயை மூடியது.
பேட்டரியில் நானும் செம்மலையும்.
அங்கே அவர் அடிக்கவில்லை. தேய்க்கவுமில்லை.
அவ்வளவுதான்.

ஓய்வுக்கு இரண்டு எழுத்து.
ஆர் என்றால் தாளில் குறி விழும்,
எல்லோரும் பார்க்க.
எஸ் என்றால் நேரம் கழியும்,
தாளில் ஒன்றும் தெரியாது.
எஸ் போட்டேன். எச்சரிக்கை போனது.

சனிக்கிழமை ஒத்திகை.
செம்மலைக்கு இந்தத் தாள் வேண்டாம்.
அவர் எங்கே வருவார் என்று
பையன்களுக்குத்தான் வேண்டும்.
இருந்தும் வாங்கினார்,
விரலை ஓட்டி ஓரிடத்தில் நிறுத்தினார்.
"இங்க ஏன் மொட்டையா இருக்கு?"
"அங்க நீங்க சும்மா இருந்தீங்கண்ணே."
"சும்மாவா? குச்சி நழுவிருச்சும்மா."
பக்கத்துக்கு எவ்வளவு என்றார்.
இருநூற்றிருபது.
"மொட்டைக்கும் சேர்த்தா?"
அதையும் டைப் அடிக்கணுமே என்றேன்.
சிரித்தார். "நானும் அப்படித்தான் வாங்கறேன்."

ஒத்திகையில் குச்சி நழுவவில்லை.
ஆனாலும் இருபத்து மூன்றில் நிறுத்தினார்,
கையை அந்தரத்தில் வைத்தபடி.
தாளில் ஒன்றுமில்லாததால்
ஓரத்து ஸ்னேர் பையன் முந்திக்கொண்டான்.
ஃபேபியன் என்னைப் பார்த்தார்.

இறங்குகிற பஸ்ஸில் மடியில் கணினியைத் திறந்து
எஸ்ஸை அழித்து ஆர் அடித்தேன்.
வண்டி திரும்பிய திருப்பில்
இரண்டு ஆர் விழுந்துவிட்டது.
ஒன்றை எடுத்தேன்.