ஏழாம் கேள்வி

ஏழாம் கேள்வியில் பேனா நின்றது:
பிள்ளையின் தகப்பன் எங்கே பிறந்தார்?

லுசாக்கா, என்றான் கௌதமன்
பாற்போத்தலைக் குலுக்கிக்கொண்டே.
மாமா அங்கே கணக்குப் படிப்பித்த காலம்.
பிரசவத்துக்கு மாமியை லண்டன் அனுப்ப
விமானச் சீட்டுக்குக் காசில்லை.
அந்தச் சீட்டின் விலையை
முப்பத்தாறு வருசம் கழித்து
என் மகளிடம் கேட்கிறார்கள்.

வம்சாவளி ஒரு தலைமுறைதான் ஓடுமாம்.
அரச சேவையில் வந்திருந்தால் வேறு கதையாம்.
இவன் குச்சவெளி மணலில்
முழங்காலில் நின்று கண்ணிவெடி கிளறுகிறவன்.
சம்பளம் தொண்டு நிறுவனம்.

உப்புவெளியில், கத்தரித்த புல்லில்,
அந்த நாட்டுக் கடற்படைக்காரர் வரிசையாய்க் கிடக்கிறார்கள்.
போனமாதம் தள்ளுவண்டியோடு நடந்து
ஒவ்வொரு கல்லாய் வாசித்தேன்:
பெயர், கப்பல், வயது, செத்த நாள்.
பிறந்த ஊர் ஒருவனுக்கும் இல்லை.
அவர்களிடம் யாரும் ஏழாம் கேள்வி கேட்கவில்லை.

பஸ் நிலையத்தடியில் நகலெடுத்துத் திரும்ப,
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
கைப்பைக்குள் மூக்கை விட்டு
லுசாக்காச் சான்றிதழை மென்றது, முத்திரையோடு.
மகள் கெக்கட்டமிட்டுச் சிரித்தாள்.
நான் பிடுங்கவில்லை.

இன்னொரு நகல் இருபது ரூபாய்.