கொண்டை மடிந்த சேவல்

வெள்ளை வாகனம் வல்லிபுரக் கோயிலடி தாண்டும்போதே
குடத்தனைக்குச் செய்தி போய்விடும்.
நான் முன் இருக்கையில், மடியில் படிவங்கள்.
பின்னால் கொழும்பிலிருந்து வந்த இருவர்,
ஒரு கமெரா.

பயனாளி இலக்கம் பதினொன்று, நிமலராணி.
கொடுத்தது: குஞ்சு இருபத்தைந்து, கூடு ஒன்று,
ஒரு மாதத் தீன்.
"எத்தினை மிச்சம்?"
"பதினெட்டு" என்றாள், என் முகத்தைப் பாராமல்.
எண்ணினேன். பதினெட்டுத்தான்.
ஒரு சேவலுக்குக் கொண்டை
இடப்பக்கம் மடிந்து கிடந்தது.

இலக்கம் பதினான்கு, பேபிசறோஜா.
நாங்கள் றோட்டால் சுற்றிப் போனோம்,
அவை வேலிப் பொட்டால் வந்திருக்க வேண்டும்.
பதினெட்டு.
கொண்டை மடிந்தது இன்னும் இளைத்துக்கொண்டு நின்றது.

பத்தொன்பதாம் இலக்கத்தில்
அது என்னைக் கண்டு தலையைத் திருப்பியது.
நானும்.

எனக்குத் தெரியும்.
மாரி வெள்ளம், பிறகு கழிச்சல்.
மிருக வைத்தியர் வருவதாகச் சொன்ன புதன்கிழமை
இன்னும் வரவில்லை.
தப்பினதுகளை விற்றுத்தான்
கிழமைக் கடன் கட்டினார்கள்.
கடன் பெடியன் மோட்டார் சைக்கிளால் இறங்கமாட்டான்,
படலையடியில் ஹோர்ன் மட்டும்.

கடைசி வீடு ஞானசோதி.
அவள் யாரிடமும் இரவல் கேட்கவில்லை.
"எல்லாம் செத்துப் போச்சுது, மிஸ்" என்றாள்,
மழை பெய்தது என்று சொல்வதுபோல.

கூட்டைத் திறந்தார்கள்.
சீமெந்துத் தரை, ஓட்டையில்லாத தகரம்,
உள்ளே குந்தியிருந்து
சாதாரண தரக் கணக்குச் செய்துகொண்டிருந்தாள்
மூத்தவள்.
வலைக் கம்பியில் கொளுவிய சீருடை.
"வீடு ஒழுகுது. இது ஒழுகாது."

கமெரா ஒருமுறை உயர்ந்து இறங்கியது.
"என்ன எழுதுறீங்கள்?" என்று கேட்டார் ஒருவர்.
எழுதினேன்:
கூடு பயன்பாட்டில் உள்ளது.

திரும்பும் வழியில் ஒரு சைக்கிள்.
கரியலில் உரப்பை,
உரப்பைக்கு வெளியே அந்தக் கொண்டை.
சாரதி ஹோர்ன் அடிக்கவில்லை,
ஒதுங்கி வழிவிட்டான்.
பின்னால் இருந்தவர்கள் நித்திரை.

முப்பத்தோராம் திகதி திட்டம் முடிகிறது,
என் ஒப்பந்தமும்.
போன மாதம் நானும் அந்தப் பெடியனிடம்
கையெழுத்து வைத்தேன். யாருக்கும் சொல்லவில்லை.

அடுத்தது ஆடு என்று கேள்வி.
ஆட்டை வேலிப் பொட்டால் கடத்தலாம்.
கத்தாமல் கடத்துவதுதான் கஷ்டம்.