தொண்ணூறு தாண்டிய காளை

அச்சில் காளை ஒரு பள்ளம்.
திமில்தான் ஆழம்.
இடப்பக்கம் பார்த்து நிற்கும்; வெள்ளியில் ஏறினால்
வலப்பக்கம் திரும்பிக்கொள்ளும்.

கணபதியில், லேத்துப் பட்டறைகளின் பின்சந்தில்
என் வேலை அந்தப் பள்ளத்தை வெளுப்பது.
பூச்சு என்று எதுவும் இல்லை.
கண்ணாடித் துகளைக் காற்றில் சீற விட்டால்
எஃகில் கண்ணுக்குத் தட்டாத கொத்தல்கள்,
அம்மி கொத்தினாற்போல, ஆனால் மாவுப் பொடிசாக.
அதில் விழுந்த வெளிச்சம் வழி தெரியாமல் சிதறும்.
அந்தத் திகைப்பைத்தான் வெள்ளை என்கிறோம்.

பிறகு மேட்டை மட்டும் வைரப்பசை தொட்டு
மூங்கில் குச்சியால் தேய்க்க வேண்டும்,
என் மூக்குத்தி அதில் தெரியும் வரை.
குச்சி மயிரிழை சறுக்கினால் போதும்,
காளையின் வயிற்றில் ஒரு கீறல் மினுங்கும்.
மறுபடி முதலிலிருந்து.

ஆடியில் இன்னும் மோசம்.
பாலக்காட்டுக் கணவாய்க் காற்றின் ஈரம்
கம்ப்ரஸர் குழாயில் சொட்டாகித் துகள் கட்டிகட்டும்.
வெள்ளையில் அம்மைத் தழும்பு.

வெள்ளகோவில் நல்லமுத்து கேட்டது இருநூறு வில்லை.
"காங்கேயங் காளைங்க. கறந்த பால் நுரையாட்டம் இருக்கோணும்."
பீர்முகமது பிரஸ்ஸில் உட்கார்ந்தான்.
எண்பது வரை நுரை.
தொண்ணூறு தாண்டியதும் திமில் உச்சி லேசாக வழுவழுத்தது.
வெள்ளி உள்ளே ஓடி ஓடி
கொத்தலை மழித்துவிடும், யார் தடுக்க?

நூற்றுப் பன்னிரண்டைத் தூக்கிப் பிடித்தார்.
"ஏனுங் அம்மிணி, இது நனைஞ்ச மாடாட்ட இருக்குது?"
இருந்தது.
பாரம் இழுத்து வந்து, நுகம் இறக்கிய கையோடு நிற்கிற மாடு.
திமிலில் வேர்வை.
எனக்கு அதுதான் பிடித்தது.

சொன்னது வேறு:
"திரும்பத் துகள் அடிக்கலாமுங்க.
அடிக்க அடிக்கக் கண்ணுக் கோடு மழுங்கும்.
வெள்ளையா, கண்ணா, நீங்களே சொல்லுங்க."
அவருக்கு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

இரண்டு தடவை அடித்தேன்.
இருநூறாவது வில்லை நுரையோ நுரை.
இமை இருந்த இடத்தில்
மைதா அப்பினாற்போல ஒரு மேடு.
பணத்தை இரண்டு முறை எண்ணிக் கொடுத்துப் போனார்.

அச்சுக்கு கிரீஸ் தடவும்போது விரலை உள்ளே விட்டேன்.
கொம்பு இருந்தது, தாடை இருந்தது.
கண்ணில் விரல் தடுக்கவில்லை.

நூற்றுப் பன்னிரண்டு கழிவு டப்பாவில் கிடக்கிறது.
திங்கட்கிழமை உருக்குவார்கள்.
எடை போட்டுச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லலாமா என்று
டவுன் பஸ் வரும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.