ஆயிரத்தில் இரண்டு துண்டு

மொன்டானா, பியூட் நகரம், பிப்ரவரி விடியல்.
பள்ளிப் பேருந்தில் ஹீட்டர் சூடேற இருபது நிமிஷம்.
அதுவரை ஸ்டீயரிங் மேல் தாளை விரித்து
வழித்தட அட்டவணையின் பின்பக்கம்
கணக்குப் போடுகிறேன்.

ஒன்பது மில்லிமீட்டர்.
முப்பத்தெட்டு.
நாற்பத்தைந்து.

ஒன்பதைக் குறை சொல்ல ஆளில்லை.
வியாழன்தோறும் ஷெரீப் ஆபீஸ் பையன்கள்
சுட்டுவிட்டுப் போனதும்
கொட்டகைத் தரையெல்லாம் பித்தளைக் கூடு.
துடைப்பத்தால் கூட்டி வாளியில் அள்ளலாம்.
ஆனால் என் வலது கட்டைவிரல்
பதினேழு வருஷம் பேருந்துக் கதவை
நெம்பித் திறந்த விரல்.
அந்தக் குட்டிக் கூட்டின் வாயில்
ஈயக்குண்டை நிமிர்த்தி உட்கார வை என்றால்
வேறு ஆளைப் பார் என்கிறது.

நாற்பத்தைந்து, வெர்னின் கட்சி.
வெர்ன் ஸ்குபிட்ஸ், முன்னாள் கணவனின் அண்ணன்;
விவாகரத்தில் எனக்கு வந்த ஒரே சொத்து.
"பெரிய ஓட்டை, லோர்னா.
கோட்டைத் தொட்டாலே உள்வட்டத்து மதிப்பெண்."
உண்மைதான். கூடும் விரலுக்கு அடங்குகிறது.
ஆனால் ஒன்பதைவிட ஏறக்குறைய இரு மடங்கு ஈயம் தின்னும்.
யானை வாங்கிக் கட்டுகிற சம்பளமா என்னுடையது?
போதாததற்கு
சில கூட்டுக்குப் பெரிய பிரைமர், சிலதுக்குச் சின்னது.
மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்து
அரிசியில் கல் பொறுக்குவதுபோல் பிரிக்க வேண்டும்.

முப்பத்தெட்டு, பெயரில்தான் முப்பத்தெட்டு.
குண்டை அளந்தால் முப்பத்தைந்து சொச்சம்.
ஒன்பதுக்கும் அதற்கும் நடுவில்
ஓர் அங்குலத்தை ஆயிரமாக நறுக்கினால்
இரண்டே துண்டு.
அந்த இரண்டு துண்டுக்குள்தான்
மூன்று மாதமாக ஊசலாடுகிறேன்.

ரிவால்வர் தன் கூடுகளை வீசி எறிவதில்லை.
ஆறும் உள்ளங்கைக்குத் திரும்பி வரும்,
இன்னும் வெதுவெதுப்பாக.
பனியில் மண்டியிட்டுத் தேட வேண்டாம்.

ஒன்றே ஒன்று.
உயரமான கூடு, அடியில் சிட்டிகை மருந்து.
போட்டதை மறந்து இன்னொரு தரம் போட்டாலும்
வழியாது, காட்டிக்கொடுக்காது,
கையில் வெடிக்கும் நாள்வரை.
ஐம்பது கூட்டையும் பலகையில் நிறுத்தி
டார்ச் அடித்து
ஐம்பது கிணற்றையும் எட்டிப் பார்க்க வேண்டும்,
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு.

"உனக்கேன் அந்த வம்பு?" என்கிறான் வெர்ன்.

எனக்கு அது வம்பில்லை.
சாயங்காலம் கடைசி நிறுத்தம் முடிந்ததும்
பின்வரிசை வரை நடந்து
ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து பார்ப்பவள் நான்,
தூங்கிப்போன பிள்ளை எதுவும் கிடக்கிறதா என்று.
ஒரே ஒரு தடவை கிடந்தது.
சிவப்புக் கையுறை, வாயில் எச்சில்.
அன்றிலிருந்து இரண்டு முறை பார்க்கிறேன்.

போன சனிக்கிழமை
கிளப் ரிவால்வரை இரவல் வாங்கிச் சுட்டேன்.
தட்டை முகத்துக் குண்டு காகிதத்தைக் கிழிப்பதில்லை,
வெட்டி எடுக்கிறது;
டிக்கெட்டில் துளை போட்ட மாதிரி சுத்தமான வட்டம்.
ஒன்று மட்டும் பத்தின் கோட்டருகே,
தொட்டதா, தொடவில்லையா?
வெர்ன் பூதக்கண்ணாடியோடு குனிந்தான்.
நெடுநேரம் நிமிரவில்லை.
"ஒன்பதுதான்" என்றான்.
மதிப்பெண்ணைச் சொன்னானா, காலிபரையா,
கேட்டேன்.
சிரித்தான். "நாற்பத்தைந்து என்றால் பத்து."

ஹீட்டர் உறுமுகிறது.
கண்ணாடியில் பனி ஓரமாய் உருகி
முதலில் ஒரு தெருவிளக்கு, பிறகு தெரு.
தாளை மடிக்குமுன்
முப்பத்தெட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன்.
விரல் நடுங்கி
வட்டம் நாற்பத்தைந்தின் ஓரத்தையும் தொட்டுவிட்டது.

வெர்ன் பார்த்தால்
அதற்கும் மதிப்பெண் கேட்பான்.