அழித்தது: நாய்

பெயர் பங்குனி ஆமை.
வருவதென்னவோ தையிலேயே.
நெட்டுக்குப்பம் தொடங்கி எர்ணாவூர் வரை
கல் கொட்டாத மணல் எங்கே மிச்சமோ
அங்கே மட்டும் நடக்கிறோம், இரவு ஒரு மணிக்கு,
சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சோடு.
டார்ச்சே வேண்டாம்.
அனல்மின் நிலையத்து வெளிச்சத்தில்
என் கோணல் கையெழுத்தை என்னாலேயே படிக்க முடிகிறது.

ஒன்பதாம் கூடு. கிழிந்த ஓடுகள் அறுபத்து மூன்று.
கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'அழித்தது'.
நாய் என்று எழுதினேன்.
பத்தாம் கூட்டுக்கு எழுதக்கூட இல்லை,
மேலே உள்ளதுபோல் என்று
இரண்டு சின்னக் கோடுகள்.

மாநகராட்சிக்கு ஒரு கடிதம் பையில் இருந்தது,
கடற்கரை நாய்களை அப்புறப்படுத்தக் கோரி.
"எந்தப் புறம்?" என்றாள் ஹெப்சிபா.
கால்நடை மருத்துவர். குழுவில் சேர்ந்து பதினோரு நாள்.
"அப்புறம் என்று எழுதியிருக்கிறீர்களே, அது எந்தப் புறம்?"

ஆயிரத்தில் ஒன்றுதான் வளர்ந்து திரும்பும் என்றேன்.
இனம் என்றேன்.
இது என்றாள்.

இது
காது நுனி வெட்டப்படாத பெட்டை.
லாரிகள் வரிசைகட்டும் சாலையில் பிறந்ததால்
குப்பத்தில் அதற்குக் கன்டெய்னர் என்று பெயர்.
மூக்கில் மஞ்சள் கரு காய்ந்து, மணல் ஒட்டி.
மடி தொங்குகிறது.
உடைந்த ஃபைபர் படகுக்கு அடியில் நான்கு குட்டிகள்,
இன்னும் கண் திறக்கவில்லை.

இரண்டு தாய்கள் என்று எழுதக் கை வந்தது.
எழுதவில்லை.
ஆமை அப்படியா நினைத்துக்கொண்டு போனது?
இட்டது, மணலைத் தட்டி மூடியது,
திரும்பிப் பார்க்காமல் தண்ணீருக்குப் போனது.

தேசப்பன் பிளாஸ்கைத் திறந்துகொண்டே
படிவத்தை எட்டிப் பார்த்தான்.
"இன்னாம்மா, எல்லாம் நாய்னே எழுதிக்கீற?
அங்க கல்லு கொட்னாங்களே, அத்த எந்தக் கட்டத்துல போடுவ?
எங்க வலையக்கூட எழுது, பரவால்ல.
இத்த மட்டும் எழுதாத."

அந்த வருடம் கரை ஒதுங்கியவை இருபத்தேழு,
காயமில்லாமல், கண் பிதுங்கி.
அவற்றுக்கு வேறு படிவம்.
அதில் 'அழித்தது' என்ற கட்டமே இல்லை.
அச்சடித்தது நான்தான்.

கடிதத்தைக் கிழித்தேன் என்று சொன்னால் நன்றாயிருக்கும்.
பையிலேயே கிடந்தது, டீ சிந்திப் பழுப்பாகி.

கூடுகளுக்கு மேல் கம்பி வலை அடித்தோம்.
காசிமேட்டு ஏலத்தில் கழித்த மீன் தலைகளை வேகவைத்து
கரையின் அந்தக் கோடியில் கொட்டினாள் ஹெப்சிபா,
தினமும் பதினோரு மணிக்கு.
சோறு போட்டால் பெருகும் என்றேன், எரிச்சலோடு.
"பெருகும். குட்டிகள் பால் மறக்கட்டும்,
அப்புறம் கத்தி என் வேலை."
அவள் வாயிலும் ஓர் அப்புறம்.

பன்னிரண்டாம் கூடு தப்பியது.
பதின்மூன்றாவதைக் கன்டெய்னரே தோண்டியது,
அத்தனை மீன் தலையும் தின்றுவிட்டு வந்து.
ஹெப்சிபா ஒன்றும் பேசவில்லை.
மடியில் அதன் தலையை வைத்து
ஈறில் குத்திய கம்பித் துண்டைப் பிடுங்கினாள்.
எனக்கு அன்று இரண்டு பேர்மீதும் கோபம்.

பங்குனி நான்காம் தேதி மணல் கொதித்தது,
சின்னத் துடுப்புகளால்.
மேலே வந்ததெல்லாம் கடலை விட்டுவிட்டு
மின் நிலையத்தைப் பார்த்துத் திரும்பியது.
தார்ப்பாயை விரித்துப் பிடித்து
வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நின்றோம்,
நானும் அவளும், குப்பத்துப் பெண்கள் மூன்று பேரும்.
எங்கள் நிழல் அலை வரை நீண்டது.
அதற்குள் நடந்து போயின.

எண்பத்தொன்று என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன்.
தூரத்தில் தேசப்பன்,
இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையில் கன்டெய்னர்.
வால் ஆடிக்கொண்டிருந்தது.
கயிறு தளரவே இல்லை.