அணைக்காத சுவிட்ச்

திபிலிசி. தொண்ணூற்று மூன்று, டிசம்பர்.
ஆய்வகத்தில் மின்சாரம் போய்ப் பதினோரு நாள்.
அடைகாப்புப் பெட்டிக்குள் இப்போது
யாரோ உருளைக்கிழங்கு வைத்திருக்கிறார்கள்.

குடுவையைக் கோட்டுக்குள் செருகி
வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன்.
முப்பத்தேழு டிகிரி வேண்டும் அதற்கு.
என்னிடமும் சரியாக அவ்வளவுதான் இருக்கிறது.

பேருந்து இல்லை. ஆற்றோரமாக நடந்தேன்.
நடையே குலுக்கும் எந்திரம்.
ரொட்டி வரிசையில் குகுலி கேட்டாள்:
"மாக்வாலா, எத்தனையாவது மாதம்?"
அரைமணிக்கு ஒரு தலைமுறை, என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
வரிசையும் நகரவில்லை.

உள்ளே, அந்தக் கலங்கிய நீரில்
இரண்டு சர்க்கரை இட்டிருந்தேன்.
குளுக்கோஸ் ஒரு சிட்டிகை,
பாலின் சர்க்கரை தாராளமாக.
முதலாவது தீரும்வரை
இரண்டாவதைச் சீந்தாது என் பாக்டீரியா.
அதை வெட்டும் நொதிக்கு
மரபணு உண்டு, உழைப்பு இல்லை.
அந்த வரியின் வாசலில்
ஒரு புரதம் குறுக்கே படுத்திருக்கிறது,
நாய்போல.
படிக்க வருகிறவன் தாண்டிப் போக முடியாது.
பால்சர்க்கரையின் ஒரு துண்டு
வாயில் வந்து விழுந்தால்
கவ்விக்கொண்டு எழுந்து போய்விடும்.
அவ்வளவு எளிய நாய்.

எங்களை மட்டும் என்ன சொல்ல?
அக்டோபர் முழுக்கத் தேநீருக்கு
ஆய்வகத்துக் குளுக்கோஸைத்தான் போட்டோம்.
புட்டி குறைந்ததை யாரும் பதிவேட்டில் எழுதவில்லை.
காலியான அன்று ஓத்தார்
லாக்டோஸ் புட்டியை எடுத்தார், முகர்ந்தார்,
திரும்ப அலமாரியில் வைத்தார்.
நான்கு நாள் வெறும் தேநீர்.
ஐந்தாம் நாள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்,
ஆளுக்கு மூன்று கரண்டி.
இனிக்கவேயில்லை. குடித்தோம்.

எட்டாவது மாடி. மெழுகுவத்தி.
ஒளிமானி இல்லாததால்
குழாய்க்குப் பின்னால் பழைய செய்தித்தாள்.
எந்தச் சொல் எப்போது மறைகிறது என்பதே அளவு.
'புரி' என்றொரு சொல் இருந்தது தலைப்பில்,
எங்கள் மொழியில் ரொட்டி.
ஒன்பது மணிக்கு அது தெளிவு.
ஒன்பதரைக்கு மங்கல்.
பத்துக்கும் அதே மங்கல்.
பத்தேகாலுக்கும்.

இந்த இடத்தில்தான்
செத்துவிட்டது என்று நினைத்து
முதல் வருடம் ஒரு குடுவையைக் கொட்டினேன்.
சாகவில்லை. முதல் சர்க்கரை தீர்ந்து
உள்ளே பசியின் செய்தி ஏறிக்கொண்டிருந்தது.
வளைகோட்டில் அது ஒரு படி மட்டும்,
தாளில் விரலகலம்.
அதற்குள் என்னென்ன கலைத்துக் கட்டுகிறார்கள் என்பது
வரைந்தவருக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் எனக்கு நெடுநாள் விளங்காமல் இருந்தது.
நாய் எழ, சர்க்கரை உள்ளே வரவேண்டும்.
சர்க்கரை உள்ளே வர, கதவு வேண்டும்.
அந்தக் கதவையும்
நாய் படுத்திருக்கும் வரியில்தான் எழுதியிருக்கிறது.
பிறகு எப்படி?

நாய் புரண்டு படுக்கும்.
அந்த நொடியில் எவனோ ஒருவன் தாண்டிப் போய்
ஒன்றிரண்டு கதவுகளைச் செய்து வைத்துவிடுகிறான்,
தேவையே இல்லாத நாளில்.
பாடநூலில் இதற்குப் பெயர் கசிவு.
குறைபாடு போலத்தான் ஒலிக்கிறது.

மெழுகுவத்தியை ஊதி அணைத்தேன்.
குழாய் கோட்டுக்குள், கோட்டோடு நான் படுக்கையில்.

இரண்டே நாற்பதுக்கு
கண்ணைக் குத்தியது வெளிச்சம்.
சமையலறையில், எப்போதும் போல,
சுவிட்சைப் போட்டே விட்டிருந்தேன்.
இந்த நகரத்தில் எல்லோரும் அப்படித்தான்,
இருட்டில் ஒரு விளக்கையாவது
எரியவிட்டே தூங்குகிறோம்.

சுவருக்கு அப்பால் தண்ணீர் மோட்டார்.
மேல்மாடியில் இஸ்திரிப்பெட்டியைத் தேடும் செருப்பொலி.
எங்கோ மாவு பிசைகிறார்கள்.
யாரும் யாரையும் எழுப்பவில்லை,
கட்டடமே எழுந்திருந்தது.

குழாயை எடுத்து, தாளின் மேல் பிடித்தேன்.
சொல் இல்லை.
நேரத்தைக் குறித்தேன். கெட்டிலை வைத்தேன்.
மூன்றரைக்கு மறுபடி இருட்டு.

சுவிட்சைத் தொடவில்லை.